வீராயி வீட்டுக்குப் போன வாரக்கூலி

இன்னாசிராஜ் உட்கார்ந்து சாப்பிட்டதை மந்தாரக்குப்பத்தில் யாரும் பார்த்ததில்லை. ஊருக்கே சோறு போடுகிற மெஸ்ஸை வைத்துக்கொண்டு, தன் சோற்றை மட்டும் நின்றபடி தின்பார். ஒரு கையில் தட்டு, வாயில் சோறு, கண் அடுப்பில். ரசம் கொதி வந்தால் தட்டைக் கல்லாமேல் வைத்துவிட்டு ஓடுவார். திரும்பி வந்து எந்த இடத்தில் வைத்தோம் என்று தேடுவார். "உக்காந்து தின்னா உங்க சொத்து கரைஞ்சி பூடுமா?" என்று பெண்சாதி மெர்லின் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

நெய்வேலியில் ரெண்டு சாதிதான் உண்டு, பர்மனெண்ட், கான்ட்ராக்ட் என்பார் இன்னாசிராஜ். கோயில் வேறாக இருக்கலாம், குலம் வேறாக இருக்கலாம், சுரங்கத்துக் கேட்டுக்குள் போனால் இந்த ரெண்டுதான். அவர் பதினைந்து வருஷத்துக்கு மேல் கான்ட்ராக்டில் இருந்தார். இதோ ஆகிவிடும், அதோ ஆகிவிடும் என்று தலைமயிர் கொட்டியதுதான் மிச்சம். ஒரு கோடையில் அம்மை போட்டது. அந்தோணியார் படத்துக்குக் கீழேயே வேப்பிலையைச் சொருகி வைத்துப் படுத்துக் கிடந்தார். அவர் படுத்திருந்த நேரத்தில் பழைய கான்ட்ராக்டர் போய்ப் புது ஆள் வந்தான். எழுந்து போனபோது அவருடைய கேட் பாஸ் வேறு ஒருத்தன் பேருக்கு மாறியிருந்தது. எவனிடம் போய்ச் சண்டை பிடிப்பது? வந்துவிட்டார். மெர்லினுக்குச் சமையல் வரும், இவருக்கு ஷிப்ட் நேரம் தெரியும். மெஸ் ஆரம்பித்தார்கள்.

சாப்பாடு பாதி பேருக்கு அங்கேயே இலையில். மீதி கேரியரில், மூன்று ஷிப்டுக்கும். கேரியர் கொண்டுபோவது தங்கராசு. அவனுக்கு வாயும் வண்டியும் ஒன்று, ரெண்டுக்கும் பிரேக் கிடையாது. சமையல்கட்டில் மெர்லினுக்குக் கீழே நாலு பெண்கள். அவர்களில் மூத்தவள் வீராயி. வளையமாதேவியிலிருந்து பஸ் ஏறி வருவாள். ஊரில் நடவு நட்டுக்கொண்டிருந்தவள், வயல் வேலை அற்றுப்போன பிறகு கரண்டி பிடித்தாள். புருஷன் இல்லை. மகள் வெண்மதி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். வீராயி வைக்கிற காரக்குழம்புக்காகவே ரெண்டாம் ஷிப்ட் ஆட்கள் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கூலி சனிக்கிழமை. மத்தியானப் பந்தி முடிந்ததும் அடுப்படியிலேயே நின்று ஒவ்வொருத்தர் கையிலும் இன்னாசிராஜே கொடுப்பார். வந்த நாளுக்கு உண்டு, வராத நாளுக்கு இல்லை. இதைப் பற்றி யாரும் பேசியது கிடையாது. சூரியன் கிழக்கே உதிப்பதைப் பற்றி யார் பேசுவார்கள்?

அந்த ஆடி மாதம் வீராயி தினமும் முகம் நிறைய மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். கை, கழுத்து எல்லாம் மஞ்சள். "இன்னா வீராயி, ஜோரா கீற?" என்று தங்கராசு கிண்டல் செய்தான். மாரியம்மனுக்கு வேண்டுதல் என்றாள். இன்னாசிராஜ் அவனை அதட்டினார். அடுத்தவர் சாமி விஷயத்தில் வாய் வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. விரதம் என்று அவள் சாப்பிடாமல் இருந்ததையும், தலையைக் குனிந்தே வெங்காயம் அரிந்ததையும் அவர் மரியாதையாகவே பார்த்தார்.

ஆடி முடிகிற வாரம், உலைத்தண்ணீர் இறக்கும்போது வீராயிக்கு வியர்த்துக் கொட்டியது. "மொகத்தைக் கழுவிக்கினு வா. மஞ்சத்தண்ணி கொழம்புல சொட்டப் போவுது" என்றாள் மெர்லின். வீராயி குழாயடிக்குப் போனாள். கழுவிவிட்டு வந்தாள்.

"இன்னும் போவல பாரு."

மறுபடி கழுவினாள். மெர்லின் தன் முந்தானையால் அவள் கன்னத்தைத் துடைத்தாள். முந்தானையில் ஒன்றும் ஒட்டவில்லை. முகம் மஞ்சளாகவே இருந்தது. மெர்லின் அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, இங்க வாங்க!"

இன்னாசிராஜ் வந்து பார்த்தார். வெள்ளை விழி முழுக்க மஞ்சள்.

"வேண்டுதல்னு சொன்னியே, பாவி!"

"அது பொய்யில்ல மொதலாளி" என்றாள் வீராயி. நிற்க முடியாமல் மாவு டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். "இது நல்லாவணும்னுதான் வேண்டிக்கினேன்."

"வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா வூட்டுக்குப் போம்பீங்க. அங்க போயி இன்னாத்த துன்றது?"

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காமாலைதான். இந்த வகை சாப்பாடு, தண்ணி வழியாகப் பரவும், சமையல் பக்கமே வரக் கூடாது, மாசக்கணக்கில் ஓய்வு வேண்டும் என்றார் டாக்டர். மற்றவர்களுக்கு இனிமேல்கூட வெளியே தெரியலாம், கண்ணைக் கவனியுங்கள் என்றும் சொன்னார். பஸ்ஸில் ஏற்றும்போது இன்னாசிராஜ் தன்னால் முடிந்த பெரிய வார்த்தையைச் சொன்னார். "ஒன் எடத்துக்கு வேற ஆளைப் போட்டாலும் எடம் ஒனக்குத்தான். நல்லாகிட்டு வா." சொல்லிவிட்டு, இதற்குமேல் ஒரு முதலாளி என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குக் கண் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இலையில் உட்கார்ந்தவன் கண், கேரியர் கொடுக்க வந்தவன் கண், கண்ணாடியில் தன் கண். டேங்கைக் கழுவினார், பாத்திரத்தையெல்லாம் வெந்நீரில் போட்டார். சாப்பிட வருகிறவர்களிடம் மறைத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. "மறைச்சதாலதான் இவ்ளோ தூரம் வந்துச்சி" என்றாள் மெர்லின். அவரே ஒவ்வொருத்தரிடமும் சொன்னார்: "எங்க சமையக்காரம்மாவுக்குக் காமாலை. ஒடம்புக்கு ஒரு மாதிரி இருந்தா ரத்தம் பாத்துக்குங்க." சொன்னதற்குப் பலன், கேரியர் பாதியாகக் குறைந்தது. வீராயி இடத்துக்குத் தேவயானி என்று ஒரு பெண் வந்தாள். காரக்குழம்பு அவளுக்கு வரவில்லை.

பக்கத்துப் பரோட்டா கடை அய்யனாரிடம் போய் நின்றார் இன்னாசிராஜ். தொழிலில் அவருக்கு மனசு விட்டுப் பேச அய்யனார் ஒருத்தர்தான்.

"ஒடம்பு முடியாத நாளுக்கும் கூலி குடுத்திருந்தா அவ மறைச்சிருக்க மாட்டா அய்யனாரு."

"குடு. தடுத்தது யாரு?" அய்யனார் மாவை அடித்துப் போட்டார். "பத்து ஆளு இருந்தா இ.எஸ்.ஐ. வேலை செய்றவன் கொஞ்சம் கட்டுவான், நீ கொஞ்சம் கட்டுவ, படுத்தா ஆபீஸ்ல குடுப்பான். நம்மகிட்ட கீறது ஒரு கைவெரலு அளவு ஆளு. சட்டமே நம்மள வுட்டுட்டுப் போயிடுச்சி. நீ ஏன்யா ஓடிப்போயி அது கால்ல உழற?"

"படுக்கறவளுக்குத் தெரியுமா, கடையில எத்தினி ஆளு கீதுன்னு?"

"சரி, படுத்தவளுக்கும் குடு, அவ எடத்துல நிக்கிறவளுக்கும் குடு. ஒனக்குக் காமாலை வந்தா யாரு குடுப்பா? மாதாவா?"

இன்னாசிராஜ் மெஸ்ஸுக்குத் திரும்பினார். அம்மை போட்டுக் கிடந்தபோது எனக்கு எவன் கொடுத்தான் என்ற கேள்வியும் உள்ளே கிடந்து குடைந்தது. அந்தக் கேள்வி ஒரு நேரம், எனக்கே கொடுக்கவில்லை, நான் எதற்குக் கொடுக்கணும் என்று முடியும். இன்னொரு நேரம், எனக்குக் கொடுக்காமல் விட்டது எவ்வளவு அநியாயம் என்று முடியும். ரெண்டுக்கும் நடுவில் அடுப்புக்கும் கல்லாவுக்கும் நடந்தார்.

சனிக்கிழமை எல்லாருக்கும் கூலி கொடுத்து முடித்ததும் வீராயியின் வாரக்கூலியையும் எடுத்தார். முழுசாக எடுத்து, ஒரு கவரில் போட்டார். தானே போய்க் கொடுக்க ஒரு மாதிரி இருந்தது. வேலை செய்த கூலியைக் கொடுக்கும்போது பேச ஒன்றுமில்லை, நீட்டினால் போதும். இதை என்ன சொல்லி நீட்டுவது? தங்கராசுவைக் கூப்பிட்டார்.

"வீராயிகிட்ட குடு. இப்போதிக்கி வர வேணாம்னு சொல்லு. நல்லா இருக்கச் சொல்லு."

தங்கராசு போய்வந்தான். "குடுத்துட்டேண்ணே" என்றான். அன்றைக்கு இன்னாசிராஜுக்குச் சோறு இறங்கியது.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஆவணி பிறந்தது. முகூர்த்தங்கள் வரிசை கட்டின. சேத்தியாத்தோப்பு ரோட்டுக் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த கேரியர் வாடிக்கைக்காரர் ஒருத்தர், கல்லாவில் காசு வைத்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீராயிக்கு நல்லாயிடுச்சி போல. மண்டபத்துப் பின்பக்கம் உக்காந்து அண்டா வெளக்கிக்கினு இருந்துச்சி."

இன்னாசிராஜுக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நாம் படுத்திருக்கச் சொல்லிக் கூலி அனுப்புகிறோம், அவள் அதையும் வாங்கிக்கொண்டு அங்கே போய் இன்னொரு கூலி வாங்குகிறாளா? அய்யனார் கேட்டால் சிரிப்பான். மெர்லின் ஏதோ சொல்லக் கூப்பிட்டாள். காதில் வாங்காமல் டி.வி.எஸ்ஸை உதைத்தார். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனார்.

மண்டபத்தில் அன்றைக்கும் கல்யாணம். பின்பக்கம் சேற்றில் ஏழெட்டுப் பெண்கள் குந்தியிருந்தார்கள். மலைமாதிரி பாத்திரம். ஓரத்தில் வீராயி. முகம் வற்றிப்போய்க் கண் இன்னும் மஞ்சள். ஒரு தவலையைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தாள் என்று சொல்ல முடியாது, அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தாள்.

சேர்த்துவைத்த வார்த்தையில் பாதி மறந்துவிட்டது. மீதிப் பாதி வெளியே வந்தது.

"எங்கிட்டயும் கூலி, இங்கயும் கூலியா? நல்லா கீதும்மா ஒன் நாயம்!"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். அந்தப் பெண்களைக் கூலிக்கு அழைத்து வருகிற மாணிக்கம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"யாருய்யா நீ? ஓ, நீதானா அந்த மெஸ் மொதலாளி? நோவு கண்டவளக் கணக்கு முடிச்சித் தொரத்திட்டு, பொழைக்கிற எடத்துலயும் வந்து கத்துறியா?"

"யாரும்மா கணக்கு முடிச்சது?"

வீராயி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்கதான் மொதலாளி. தங்கராசுகிட்ட குடுத்தனுப்பலயா? அவன் வாசப் படலுக்கு அந்தாண்டயே நின்னுக்கினான், கிட்ட வந்தா ஒட்டிக்குமாம். கவரைப் படல்ல சொருவிட்டு, மொதலாளி குடுத்தாரு, இனிமே நீ வர வேணாமாம், எங்கியாவது நல்லா இருக்கச் சொன்னாருன்னு கத்திட்டுப் பூட்டான்."

"இப்போதிக்கின்னு சொன்னேன்டி! இப்போதிக்கி வர வேணாம்னு!"

"அது வந்து சேரல."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னாசிராஜுக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் பில்லில் கைவைத்த ஒரு பையனை நிறுத்தினார். அதற்கு முந்தி, குடித்துவிட்டு வந்த மாஸ்டரை நிறுத்தினார். ரெண்டு பேருக்கும், நேரில் பார்த்தால் சண்டை வரும் என்று, மிச்சக் கூலியைத் தங்கராசு கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் மெஸ்ஸிலிருந்து சனிக்கிழமை காசு வீடு தேடிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் அது தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"கணக்கு முடிக்கல வீராயி" என்றார். சத்தம் இறங்கிவிட்டது. "நீ வூட்ல கெடக்கறதுக்குத்தான் குடுத்தேன்."

"அட்வான்ஸா?" அவள் முகம் சுருங்கியது. "அட்வான்ஸ் வேணாம் மொதலாளி. கரும்பு வெட்டுல அட்வான்ஸ் வாங்கிட்டு எங்கப்பன் செத்த பொறவும் எங்கம்மா போயி வெட்டிக்கினு இருந்திச்சி. அந்தக் கவர்ல பாதி கீது, தந்துர்றேன்."

"அட்வான்ஸ் இல்ல. கழிக்க மாட்டேன்."

"அப்ப தர்மமா?"

"தர்மமும் இல்ல!" அவருக்கு நாக்கு புரளவில்லை. கூலி இல்லை, கடன் இல்லை, தர்மம் இல்லை. பின்னே என்ன எழவு இது? நெய்வேலி டவுன்ஷிப் பக்கம் கை நீட்டினார். "அங்க குடுக்கறாங்கல்ல, சிக் லீவு. அது."

மாணிக்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "சிக் லீவு பர்மனெண்ட்டுக்குத்தான்யா. இந்தப் பொம்பளைங்கள்ல யாராவது பர்மனெண்ட்டா கீதா பாரு."

வீராயி சிரிக்கவில்லை. "அப்ப நான் பர்மனெண்ட்டா?" என்று கேட்டாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகப் பதினைந்து வருஷம் கேட்டுக்கு வெளியே நின்றவர் இன்னாசிராஜ். யாரோ ஒருத்தன் எங்கேயோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வஸ்து என்றுதான் நினைத்திருந்தார். தன் வாயிலிருந்து வரவேண்டியது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அப்பிடித்தான் வச்சிக்கயேன்" என்று முனகினார்.

"எனக்கு மட்டுமா?"

"பின்ன?"

"நாளிக்கி தேவயானி படுத்தா? அந்த வாயாடிப் பய தங்கராசு வண்டியிலேர்ந்து உழுந்தா? அவங்களுக்கும் உண்டா?"

இன்னாசிராஜ் திகைத்தார். அவர் வீராயியைத் தாண்டி யோசிக்கவே இல்லை. பாதியாகக் குறைந்த கேரியர் கண்முன் வந்தது. எல்லாரும் ஒரே நேரம் படுத்துக்கொண்டால்? பொய் சொல்லிப் படுத்துக்கொண்டால்? தங்கராசு சொல்வான், அவன் எதை வேண்டுமானாலும் சொல்வான்.

"ஒன் பேச்சை மட்டும் பேசேன் வீராயி."

"எனக்கு மட்டும்னா அது தர்மந்தான் மொதலாளி. காரக்கொழம்பு நல்லா வக்கிறா, பாவம்னு குடுக்கறது. நாளிக்கி கொழம்பு சரியில்லன்னா நின்னுடும். எல்லாருக்கும்னா வாங்கிக்கறேன். இல்லன்னா இந்தத் தவலயே மேலு." அவள் மறுபடி குந்தப் போனாள்.

மண்டபத்துக்குள் நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருந்தார். இன்னாசிராஜ் சேற்றில் நாலடி போனார், நாலடி வந்தார். செருப்பு மாட்டிக்கொண்டது. பிடுங்கினார். தவலையில் கை வைத்துவிட்டாள் வீராயி. இந்தப் பாத்திரத்தில் சாயந்திரம் யாருக்கோ பாயசம் ஊற்றுவார்கள்.

"சரி, எல்லாருக்கும்!" என்று கத்தினார். "எல்லாருக்குந்தான், எழுந்து தொலை! டாக்டர் சொன்னா உண்டு, டாக்டர் சொல்லாம படுத்தா இல்ல. போதுமா?"

"இவங்க முன்னாடி சொல்லிட்டீங்க" என்றாள் வீராயி. கையைக் கழுவினாள்.

மாணிக்கம்மாளிடம் வீராயிக்கு நோய் என்னவென்று சொல்லி, அந்தப் பாத்திரங்களை வெந்நீரில் போடச் சொன்னார். அவள் முதலில் திட்டினாள், அப்புறம் அலறிக்கொண்டு அடுப்பு மூட்ட ஓடினாள். வீராயியை வண்டியில் பின்னால் உட்காரவைத்து வளையமாதேவியில் விட்டுவிட்டு வந்தார்.

மெஸ்ஸில் எல்லாரையும் கூப்பிட்டு, டாக்டர் சொன்னால் படுத்த நாளுக்கும் கூலி என்று சொன்னார். யாரும் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "எங்கேர்ந்துங்க குடுப்பீங்க?" என்றாள் மெர்லின், மெதுவாக. "தெரியல" என்றார். சாப்பாட்டு விலையைக் கொஞ்சம் ஏற்றலாமா, அய்யனாரையும் சந்தைப்பக்கத்து டீக்கடைக்காரரையும் சேர்த்துக்கொண்டு ஒரு பொது உண்டியல் போடலாமா என்று பேசிப் பார்த்தார். டீக்கடைக்காரர் பார்க்கலாம் என்றார். அய்யனார், "மொதல்ல ஒன் கடை நிக்கிதான்னு பாக்குறேன்" என்றார். ஆனால் அவருடைய பரோட்டா மாஸ்டர், சும்மா ஒரு டம்ளர் தண்ணி குடிக்க வந்தவன்போல மெஸ்ஸுக்கு வந்து, "இங்க ஆளு வேணுமாக்கா?" என்று தேவயானியிடம் கேட்டுவிட்டுப் போனான். அது அய்யனார் காதுக்கும் போயிற்று. அன்றிலிருந்து அவர் இன்னாசிராஜைப் பார்த்தால் மாவை இன்னும் ஓங்கி அடிக்கிறார்.

வியாழக்கிழமை தங்கராசு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அண்ணே, டாக்டரைப் பாக்கணும்." நிஜமா, நடிப்பா? இன்னாசிராஜ் அவனையே பார்த்தார். அவனும் அவரையே பார்த்தான். போய்ப் பாருடா என்று அனுப்பிவிட்டுக் கேரியரைத் தானே மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் அவன் நடை சரியாகத்தான் இருந்ததோ என்று மனசு அரித்தது.

சனிக்கிழமை பந்தி முடிந்ததும் அவரே வளையமாதேவிக்குப் போனார். இந்தத் தடவை கவர் இல்லை. வீராயி பாயில் படுத்திருந்தாள். பக்கத்தில் கீழாநெல்லி அரைத்த கிண்ணம். அவரைக் கண்டதும் கையை ஊன்றி எழப் பார்த்தாள்.

"எழுந்துக்காத!"

"படுத்துக்கினா வாங்குறது? நல்லா இருக்காது மொதலாளி."

"படுத்துக்கினு வாங்கறதுக்குத்தான் குடுக்கறது. எழுந்தா குடுக்க மாட்டேன்."

அவள் வேறு வழியில்லாமல் படுத்தாள். படுத்தபடியே கையை மட்டும் நீட்டினாள். வாங்கும்போது வெட்கத்தில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குனிந்து கொடுத்துவிட்டு, வந்த வேகத்தில் வெளியே வந்து வண்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.